மூன்று பவுண்டுக் குச்சி



தைப்பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. பாண் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மலிவு விலைக் கடை ஒன்றின் வாசலை ஒட்டிய கம்பித் தட்டில், சில வாரங்களுக்கு முன்புவரை கிறிஸ்துமஸ் மின்விளக்குகள் இருந்த இடத்தில், நீளமான பிளாஸ்டிக் பைகள் அடுக்கியிருந்தன. பையின் மேலே கொத்துக் கொத்தாய்ப் பழங்களின் படம். உள்ளே ஈரமான மரத்தூளுக்குள் இலையில்லாத ஒரு குச்சி. ராஸ்பெரி, பிளாக்கரண்ட், ரெட்கரண்ட், கூஸ்பெரி, திராட்சை. விலை மூன்று பவுண்டுக்குச் சற்று முன்பின்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அந்தத் தட்டின் முன் நின்றிருந்தார். ஒரு பையை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பைக்குள் நீர்த்துளி படிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தண்டை இரண்டு விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். நாலைந்தைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றைக் கூடையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும், "பிள்ளை, தோல் சுருங்கியிருந்தா எடாதேங்கோ. மொட்டு பருத்திருக்க வேணும், விரிஞ்சிருக்கக் கூடாது. வேரில ஈரம் இருந்தாத்தான் பை பாரமா இருக்கும். ஊரில கத்தரிக் கன்று வாங்கேக்கையும் இப்பிடித்தான் பாக்கிறனாங்கள்" என்றார்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பழகிய கை, லண்டன் கடையில் கூஸ்பெரிக் குச்சியைத் தடவிப் பார்க்கிறது. வீடு வரும்வரை அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்தக் குச்சிக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நம்மில் எத்தனையோ பேர் வாரம் தவறாமல் அந்தக் கடைகளுக்குள் நுழைகிறோம். பின்வளவில் புல் மட்டும் வளர்ந்து கிடக்கிறது. அதே தட்டைக் கடந்துதான் நடக்கிறோம்.

இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே, நல்ல செடியாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மலிவுக்குக் காரணம் எளிமையானது. இவை வயலில் வளர்ந்தவை. குளிர்காலத்தில் இலை கொட்டி உறங்கும்போது மண்ணை உதறிவிட்டு வெறும் வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தொட்டி இல்லை, மண் இல்லை, எடை இல்லை. ஒரு பெட்டிக்குள் நிறையச் செடிகள் அடங்கும். வயதும் குறைவு. தோட்ட நிலையத்தில் நல்ல தொட்டியில் நிற்கும் பெரிய செடிக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி, அந்தத் தொட்டிக்கும் மண்ணுக்கும் அதைத் தூக்கி வந்த லாரிக்கும் போகிறது. இளம் செடி புது மண்ணில் சீக்கிரம் வேர்பிடித்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டு பொறுத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பழச்செடிகளுக்குக் குளிர் வேண்டும். குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் பிளாக்கரண்டும் ஆப்பிளும் ஒழுங்காகப் பூக்கும். மாவும் பலாவும் வாழ்கிற நம் ஊர் மண் அவற்றுக்கு அதைக் கொடுக்க முடியாது. வந்த நாள் முதலாய் நாம் அலுத்துக்கொள்கிற இந்த ஊர்க் குளிர், இந்தச் செடிக்கு உணவு மாதிரி. நம் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கிற ரைபீனா இந்தப் பிளாக்கரண்டில் இருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் தோடம்பழக் கப்பல்கள் வந்து சேர முடியாதபோது, வைட்டமின் சி நிறைந்த பிளாக்கரண்ட் பாகைத்தான் இந்த நாட்டுக் குழந்தைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது. 'பென் லோமண்ட்', 'பென் சாரெக்', 'பென் கானன்' என்று பையில் பெயர் இருந்தால், அது ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகே உருவான ரகம். அங்கே மலைச் சிகரங்களுக்கு 'பென்' என்று பெயர்.

எங்கே தேடுவது? ஆல்டி, லிடில் கடைகளின் நடு வரிசை, பி அண்ட் எம், ஹோம் பார்கெய்ன்ஸ், பௌண்ட்லேண்ட், தி ரேஞ்ச். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளின் வாசலிலும் சில வாரம் கிடைக்கும். இந்த நாட்டின் கடைத்தெருவுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. உல்வர்த்ஸ் கடையில் ரோசாச் செடி வாங்கி நட்டதை இன்றும் நினைவாய்ச் சொல்லும் வெள்ளைக்கார முதியவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கடைகள் 2009 ஜனவரியோடு மூடப்பட்டன. 1930இல் லெஸ்டரில் தொடங்கிய வில்கோவும் 2023இல் நொடித்து, சுமார் 400 கிளைகளும் மூடப்பட்டன. விதையும் சணல் கயிறும் அங்கே வாங்கிப் பழகியவர்களுக்கு அது சொந்தத்தில் ஓர் இழப்பு. கார் இல்லாதவர், பஸ்ஸில் போய் வருகிறவர், கையில் அளவாகக் காசு வைத்திருக்கிறவர் ஒரு பழச்செடி வாங்க முடிந்தது இப்படிப்பட்ட கடைகளால்தான். மிச்சம் இருக்கிறவற்றை நாம் பயன்படுத்த வேண்டும்.

வாங்குவதில் நாள்தான் முக்கியம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை இந்தப் பைகள் வந்துகொண்டிருக்கும். கடைக்குள் ஹீட்டர் ஓடுகிறது. உறங்க வேண்டிய செடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி விழித்துக்கொள்ளும். வெளிச்சம் போதாமல் வெளிறிய நீளத் தளிர் விடும். தண்டில் சேர்த்து வைத்த சத்து அதிலேயே கரைந்துவிடும். அதனால் பை கடைக்கு வந்த முதல் நாலைந்து நாளுக்குள் வாங்குங்கள். எந்தக் கிழமை சரக்கு இறங்கும் என்று கடையில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வேலையில் இருப்பவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர்.

பார்க்க வேண்டியதை அந்த அம்மா சொல்லிவிட்டார். கூடவே இரண்டு: அடித்தண்டில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் வேண்டாம். ஒற்றைத் தண்டைவிட இரண்டு மூன்று தண்டு உள்ள பிளாக்கரண்டும் கூஸ்பெரியும் நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குசினி மேசையில் வைத்துவிடாதீர்கள். அன்றே பையைப் பிரித்து, வேரை ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். நிலம் உறைந்து கிடந்தாலோ, சேறாக இருந்தாலோ, ஈரமான கம்போஸ்ட் நிரப்பிய தொட்டியில் தற்காலிகமாகப் புதைத்து, வெளியே மறைவான இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே தளிர் விட்டிருந்தால் மட்டும், சூடில்லாத கொட்டகையிலோ போர்ட்டிகோவிலோ சில நாள் வைத்து, பனி விழும் இரவுகளில் மெல்லிய தோட்டத் துணியால் மூடிப் பழக்கிய பிறகு நடலாம்.

நடும் ஆழம் செடிக்குச் செடி மாறும். மலிவுச் செடிகள் பல பட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

ராஸ்பெரியின் வேர் மேலாகவே ஓடும். 5 சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி. முதன்முறை நடுகிறவர்கள் இலையுதிர்காலத்தில் காய்க்கும் ரகத்தைத் தேடுங்கள். பையில் 'ஆட்டம் பிளிஸ்' என்றோ 'ஹெரிட்டேஜ்' என்றோ இருக்கும். அந்த ஆண்டு முளைக்கும் தண்டிலேயே அந்த ஆண்டே பழம் வரும். பெப்ரவரியில் நட்டால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கிண்ணம் பழமாவது பார்க்கலாம். ஆண்டுதோறும் பெப்ரவரியில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிட்டால் சரி. 'கிளென் ஆம்பிள்' போன்ற கோடைக்கால ரகங்கள் முந்தைய ஆண்டுத் தண்டில் காய்ப்பவை. அவற்றில் பழம் முடிந்த தண்டை மட்டும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டினால் அடுத்த ஆண்டு பழம் இராது.

பிளாக்கரண்டை, தண்டில் தெரியும் பழைய மண் அடையாளத்தைவிட 5 சென்டிமீட்டர் ஆழமாக நட வேண்டும். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் புதுக் கிளை கிளம்பும். நட்டதும், தரைக்கு மேலே இரண்டு மொட்டு விட்டுவிட்டு மீதியை வெட்டிவிடுங்கள். புதிதாக வாங்கிய செடியை வெட்ட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் வெட்டுங்கள். முதல் ஆண்டுப் பழத்தை விட்டுக்கொடுத்தால் பத்து ஆண்டுக்கு மேல் காய்க்கிற புதர் கிடைக்கும். வெட்டிய துண்டுகளை எறிய வேண்டாம். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ரெட்கரண்டும் கூஸ்பெரியும் அப்படி இல்லை. பழைய மண் அடையாளம் வரை மட்டும் நடுங்கள். ஸ்ட்ராபெரிக்குக் குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், உயர்ந்தால் காயும். புளூபெரிக்குப் புளிப்பான மண் வேண்டும். பைக்கு மேலே 'எரிக்கேசியஸ்' என்று எழுதிய கம்போஸ்டைத் தொட்டியில் நிரப்பி, மழைத் தண்ணீரே ஊற்றுங்கள். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்.

ஆப்பிள் மரம் வாங்குகிறவர்கள் ரகத்தின் பெயரோடு அடிமரத்தின் எண்ணையும் பாருங்கள். ஒட்டு மரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது அந்த அடிமரம். கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1913இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இந்த அடிமரங்களை வகைப்படுத்தி எண் கொடுத்தது. எம் 9 என்றால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் சிறு மரம். எம்எம் 106 நடுத்தரம். எம் 25 என்றால் 4.5 மீட்டருக்கு மேல் போகும். சின்னப் பின்வளவில் அது சமையலறை ஜன்னலை மறைத்துவிடும். மலிவுக் கடை மரங்களில் சிலவற்றில் இந்த எண் இருக்காது. முழு வளர்ச்சியின் உயரமாவது எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். நடும்போது ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் மேல் மரமே வேர்விட்டு, குட்டை மரம் என்று வாங்கியது பெரு மரமாகிவிடும்.

எனக்கும் ஏமாற்றம் நேர்ந்ததுண்டு. ஒரு கடையில் ரெட்கரண்ட் என்று வாங்கி, இரண்டு ஆண்டு தண்ணீர் ஊற்றி, மூன்றாம் கோடையில் பழுத்தது கறுப்பாக இருந்தது. மலிவுச் செடிகளில் பெயர்ச் சீட்டு மாறுவது நடக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், தரமாகவும் இருக்க வேண்டும். குறை தெரிந்தால் வாங்கிய 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆகவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மூன்று பவுண்டுதானே என்று விட வேண்டாம். காசை எண்ணிச் செலவழிக்கிற குடும்பத்துக்கு அதுவும் காசுதான்.

தோட்டச் சாமான்களைப் பற்றியும் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். மூங்கில் கம்பு, சணல் கயிறு, நாற்றுத் தட்டு, பறவை வலை, பனித் துணி, பிளாஸ்டிக் தொட்டி: இவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். பெரிய வித்தியாசம் இல்லை. கத்தரிக்கோலும் மண்வெட்டியும் அப்படியல்ல. மலிவுக் கத்தரிக்கோல் தண்டை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடத்தில் நோய் நுழையும். அதில் மட்டும் கொஞ்சம் கூடச் செலவழித்து ஒருமுறை நல்லதாய் வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் பிறந்ததும் கடைகள் தோட்டச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கும். தொட்டியும் விதையும் பாதி விலைக்கு வரும். விதையில் மட்டும் கவனம் தேவை. தக்காளி, அவரை, கோவா விதைகள் உலர்ந்த இடத்தில் சில ஆண்டு தாங்கும். வெங்காயம், பார்ஸ்னிப் விதைகளின் முளைப்புத்திறன் அடுத்த ஆண்டே குறைந்துவிடும்.

காசே கொடுக்காமல் கிடைப்பவையும் நம் தெருவில் இருக்கின்றன. நம்முடைய மீன் கடைகளில் வெள்ளை ரெஜிஃபோம் பெட்டிகளை வெளியே அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் கொடுப்பார்கள். அடியில் ஆறு துளை போட்டால் ஸ்ட்ராபெரிக்கும் கீரைக்கும் நல்ல பாத்தி. அரிசி வாங்கிய 20 கிலோ பையின் வாயை மடித்துவிட்டால் உருளைக்கிழங்குத் தொட்டி. மரக்கறி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துச் செடியைச் சுற்றி விரித்து, மேலே கம்போஸ்ட் போட்டால் களை வராது, ஈரமும் காயாது. புதிதாக நட்ட பழச்செடிக்கு முதல் கோடையில் தண்ணீர்தான் உயிர். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு வாளி நிறைய ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட அது மேல்.

"எங்களுடையது வாடகை வீடு, எதற்கு மரம்?" இந்தக் கேள்வியை நான் பல ஆண்டாகக் கேட்டு வருகிறேன். என் வீட்டிலேயே நீண்ட நாள் இருந்த கேள்வி அது. அடுத்த வருஷம் வீடு மாறலாம், ஊருக்கே திரும்பலாம் என்று எண்ணியபடி வந்தவர்கள் நாம். ஊரில் பிள்ளை பிறந்தால் தென்னங்கன்று நட்டவர்கள், இங்கே இருபது முப்பது ஆண்டு ஒரு குச்சிகூட ஊன்றாமல் கழித்திருக்கிறோம். மரம் நட்டால் திரும்பிப் போகிற நினைப்பைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற தயக்கமும் அதில் உண்டு. அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிள்ளைகள் இங்கேதானே வளர்கிறார்கள்? அவர்கள் கையால் பறித்துத் தின்ன ஒரு செடி வேண்டாமா? வீடு மாறுகிற யோசனை இருந்தால், 45 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் பிளாக்கரண்டை வையுங்கள். போகும்போது கூடவே வரும். நிலமே இல்லாத மாடிக்குடியிருப்பு என்றால், உங்கள் கவுன்சிலில் அலாட்மென்ட் துண்டுக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். பழைய கணக்கில் முழுத் துண்டு என்பது சுமார் 250 சதுர மீட்டர். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம். அதற்காகத்தான் இன்றே பெயர் கொடுக்கச் சொல்கிறேன்.

இனி, வெட்டி வைத்த பிளாக்கரண்ட் துண்டுகள். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். மேல் நுனி எது, அடி நுனி எது என்று மாறிவிடாமல், அடிப்பக்கத்தை மண்ணில் செருகுங்கள். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகட்டும். மறைவான ஒரு மூலை போதும். வெயில் காலத்தில் காயவிடாமல் தண்ணீர் ஊற்றி, அடுத்த குளிர்காலம் வரை தொடாமல் விட்டால், பெரும்பாலானவை வேர் பிடித்திருக்கும். ராஸ்பெரி இந்த வேலையைக்கூட நமக்கு வைக்காது. இரண்டு மூன்று ஆண்டில் பக்கக் கன்றுகளைத் தானே தள்ளும். நோயில்லாமல் செழிப்பாக இருக்கிற செடியிலிருந்து மட்டும் எடுங்கள்.

அன்று கடை வாசலில் அந்த அம்மாவிடம், ஒரு செடிதானா வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்டு காணும் பிள்ளை. வாற மாரிக்கு மூத்தவளுக்கு ரெண்டு, கோயிலடியில இருக்கிற தங்கச்சிக்கு ஒண்டு, உங்களுக்கு வேணுமெண்டா உங்களுக்கும் ஒண்டு" என்றார். வாங்கிய குச்சி இன்னும் கூடைக்குள்தான் இருக்கிறது. அதற்குள் மூன்று வீட்டுக்குப் பங்கு பிரித்துவிட்டார்.

அவரைப் போலவே நாமும் செய்து பார்க்கலாமா? இந்தச் சனிக்கிழமை ஒரு குச்சி வாங்குங்கள். எந்த நாளில் நட்டீர்கள், எப்போது முதல் தளிர் வந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். வருகிற டிசம்பர் இதழில், யார் வீட்டில் கொடுக்கக் கன்று இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று ஊர்வாரியாக ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். அந்தப் பக்கத்துக்கு என் பங்காக, கறுப்பாய்ப் பழுத்த அந்த 'ரெட்கரண்ட்' செடியிலிருந்து ஆறு துண்டுகளை நேற்றுத்தான் வேலியோரம் ஊன்றி வைத்தேன். இந்த முறை பெயர்ச் சீட்டைச் சரியாக எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்